சீமெந்துத் தரையில் இருபது நிமிடம்

தொலைபேசியில் பேசியவர் அந்த வங்கியின் பெயரைச் சொன்னதும் தயாளினியின் பேனை அப்படியே நின்றுவிட்டது. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சொகுசு பஸ் பதிவு அலுவலகத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறாள். எத்தனையோ வங்கிக்காரர், அமைச்சுக்காரர், கல்யாணக்காரர் எல்லோருக்கும் இருக்கை போட்டுக் கொடுத்தவள். யாருடைய பெயரைக் கேட்டும் அவள் எழுதுவதை நிறுத்தியதில்லை. மறுமுனையில் வீரக்கோன் என்று தன்னை அறிமுகப்படுத்திய மனிதர் சாவகாசமாகச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே போனார். பதினாறு பெண்கள். சனிக்கிழமை விடியக் குறிகட்டுவானுக்குப் போய் நயினாதீவுப் படகு எடுக்க வேண்டும், திரும்பி வந்து கீரிமலையில் குளிக்க வேண்டும், பின்னேரம் விடுதியில் இறக்கிவிட வேண்டும். எல்லோரும் உயரமானவர்கள், கால் நீட்ட இடமுள்ள பஸ்ஸாகப் பாருங்கள் என்றும் சொன்னார். அதைச் சொல்லவே தேவையில்லை. இலங்கையில் கூடைப்பந்து என்று ஒன்று இருப்பதை அறிந்த எந்தப் பெண்ணுக்கும் அந்த வங்கி அணியின் பதினாறு பேரையும் தெரியும். ஏழு வருடமாகத் தேசியக் கிண்ணத்தை அவர்கள் வேறு யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை.

தயாளினிக்கு முப்பத்து நான்கு வயது. மானிப்பாய் செங்கதிர் மகளிர் விளையாட்டுக் கழகத்தின் தலைவி அவள், செயலாளரும் அவள், போட்டிகளுக்கு நாள் பிடிக்கிறவளும் அவள்தான். இந்த நாள் பிடிக்கிற வேலை இருக்கிறதே, அதைப் போலக் கோதாரி பிடித்த வேலை உலகத்தில் வேறு இல்லை. செங்கதிர் தோற்றுக்கொண்டிருந்த காலத்தில் எல்லோரும் விளையாட வந்தார்கள். மூன்று வருடமாக வடக்கில் யாரிடமும் தோற்காமல் விட்டதும் அக்கம்பக்கத்துக் கழகங்கள் ஒவ்வொன்றாய் நழுவின. "உங்களோடை விளையாடினா எங்கடை பிள்ளையளுக்கு மனம் விட்டுப்போகுது தயாளினி, பேந்து பாப்பம்" என்று ஒருத்தி வெளிப்படையாகவே சொன்னாள். சரி, பெரிய அணிகளிடம் போவோம் என்று கொழும்புக்குக் கடிதம் போட்டால் அங்கிருந்து பதிலே வராது. ஏன் வரும்? செங்கதிரை வென்றால் அவர்களுக்கு ஒரு பத்திரிகையில் ஒரு வரிகூட வராது. தப்பித்தவறித் தோற்றால் ஊர் முழுக்கச் சிரிக்கும். சின்ன அணிகளுக்குப் பெரிதாகிப் பெரிய அணிகளுக்குச் சின்னதாகி, நடுவிலே தனியாகப் பந்து தட்டிக்கொண்டு நின்றது செங்கதிர்.

ஒரு தடவை மட்டும் ஒரு பெரிய கொழும்புக் கழகம் வாருங்கள் என்றது. எட்டு மணித்தியாலம் பஸ்ஸில் குந்தியிருந்து போனார்கள். போய்ப் பார்த்தால் எதிரே நின்றது அந்தக் கழகத்தின் பயிற்சிப் பிள்ளைகள். பெரியவர்கள் மேல்மாடியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் போட்டியில் செங்கதிர் வென்றது. தோற்றவர்கள் மாதிரித்தான் திரும்பி வந்தார்கள். இப்போது தயாளினியின் இடது முழங்கால், படியிறங்கும்போதெல்லாம் ஒரு சத்தம் போடுகிறது. இந்த வருடத்தோடு விடு பிள்ளை என்று டொக்டர் சொல்லிவிட்டார். விடலாம். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, நாட்டிலேயே திறமான ஆட்டம் எப்படி இருக்கும் என்று அவளுக்குப் பார்க்க வேண்டும். ஓரத்தில் வாங்கிலில் குந்தியிருந்து இல்லை. தொலைக்காட்சியில் இல்லை. எதிரே நின்று, தன் மேல் வந்து மோதுகிற தூரத்தில் பார்க்க வேண்டும். இத்தனை வருடம் தான் விளையாடியது கூடைப்பந்துதானா என்று தெரிந்துகொள்ளாமல் சப்பாத்தைக் கழற்றி வைக்க அவளுக்கு மனமில்லை.

ஆகவே அவள் துணிந்து கேட்டாள். கீரிமலையிலிருந்து வருகிற வழியில் பஸ்ஸை மானிப்பாயால் விடலாம், அங்கே ஒரு கழகம் இருக்கிறது, ஒரே ஒரு ஆட்டம் என்று. வீரக்கோன் சிரித்தார். அவர்தான் அணியின் பயிற்றுநர். சுற்றுலா வருகிறோம் மிஸ் என்றார். பிறகு, அடுத்த கிழமை வெளிநாட்டில் ஒரு போட்டி இருக்கிறது, பிள்ளைகள் ஒருக்கால் ஓடினால் நல்லதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மரத்தரையா என்று கேட்டார். சீமெந்து என்றாள். சீமெந்தில் விழுந்தால் தோல் போகும், கணுக்கால் போகும், வெளிநாட்டுப் போட்டியும் போகும் என்றார். அப்போது அவருக்குப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் என்னவோ கேட்டது, அவர் பதில் சொன்னார், அந்தக் குரல் சிரித்தது. "சந்துனியும் சீமெந்தில்தான் விளையாடப் பழகினாளாம், வருவாளாம்" என்றார் வீரக்கோன். சந்துனி! தேசிய அணியின் தலைவி. தயாளினி தொலைபேசியை வைத்துவிட்டு, முன்னால் நின்ற பிரயாணிக்கு வவுனியா ரிக்கெற்றுக்குப் பதிலாகக் கண்டி ரிக்கெற்றை வெட்டிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை அவளுக்கு அரைநாள் வேலை. சந்துனியின் ஆட்கள் இரண்டரைக்கு வருவார்கள், ஆட்டம் நாலு மணிக்கு. வருகிறவர்களுக்குத் தேத்தண்ணியும் பிஸ்கற்றும் கொடுத்தால் போதும் என்று பத்மாவதி அக்காவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் போனாள். பத்மாவதி அக்கா கழகத்தின் காசுக் கணக்குப் பார்க்கிற தனாதிகாரி. கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பது தொழில். அவரிடம் பிஸ்கற் என்று சொன்னது தயாளினியின் முதல் பிழை. அவரை அங்கே தனியாக விட்டுப் போனது இரண்டாவது பிழை. மூன்று மணிக்குச் சைக்கிளில் வந்து இறங்கியவளுக்கு மைதானத்துக்குள் நுழையுமுன்னமே நண்டுக் கறி மணத்தது.

மைதானத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் இலங்கையின் மிகப் பெரிய கூடைப்பந்து அணி வரிசையாய் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. புழுங்கலரிசிச் சோறு, நண்டுக் கறி, கணவாய்ப் பிரட்டல், இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, வல்லாரைச் சம்பல், பொரித்த மோர்மிளகாய். கீரிமலைத் தண்ணீரில் இரண்டு மணித்தியாலம் நீந்தி வந்த பசி அவர்களுக்கு. போதும் என்று கை மறித்தவர்களின் கைக்கு மேலாலேயே பத்மாவதி அக்கா கரண்டியைக் கவிழ்த்தார். மொழி தெரியாத இடத்தில் மறுக்கவும் முடியாது. சந்துனி, ஆறடிக்கு ஒரு விரல் குறைவாக இருந்த அந்தச் சந்துனி, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய வழிய மூன்றாவது நண்டுக் காலை உடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் ஒரு கிண்ணம் பாயாசமும் காத்திருந்தது.

தயாளினி பத்மாவதி அக்காவைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அக்கா, அவை விளையாட வந்தவை!"

"அதுக்கு? இவ்வளவு தூரத்தாலை வந்த பிள்ளையளைப் பட்டினி போட்டே பந்து எறியச் சொல்லுறாய்?"

"தேத்தண்ணி குடுங்கோ எண்டெல்லே சொன்னனான்."

"தேத்தண்ணியும் குடுத்தனான்" என்றார் அக்கா, மனம் நொந்த குரலில். "ஊரைப் பற்றி நாளைக்கு அவை என்ன கதைப்பினம்?"

வந்தவர்களுக்குச் சாப்பாடு போடாமல் விடுகிற ஒரு ஆளை அந்த ஊரில் தயாளினி இன்றுவரை கண்டதில்லை. அவளே வீட்டில் இருந்திருந்தால் அவளும் ஒரு கரண்டி போட்டிருப்பாள். வாளியில் தண்ணீர் அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டு உடை மாற்றப் போனாள்.

ஆட்டம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? மதிலில் சனம், மரத்தில் சனம், மோட்டார்சைக்கிளின் மேல் சனம். அரைவாசி மானிப்பாய் வந்திருந்தது. செங்கதிரின் பயிற்றுநர் கோபிசங்கர் பாடசாலையொன்றில் உடற்கல்வி படிப்பிக்கிறவர். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றார். நடுவர் விசில் ஊதினார். பெரிய அணி மூன்று எட்டு ஓடியது, பிறகு நடந்தது. ஒருத்தி விலாவைப் பிடித்துக்கொண்டாள். சந்துனி பந்தோடு வந்து, எழும்பப் பார்த்து, எழும்பாமலே பந்தைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்தாள். குருநகரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பயிற்சிக்கு வருகிற நிரோஜினி, இருபத்திரண்டு வயது, நெடுநெடுவென்று வளர்ந்தவள், அன்றைக்குத் தனக்கு மறிப்பே இல்லாததைக் கண்டு திகைத்துத் திகைத்துக் கூடை போட்டாள். பத்து நிமிடக் கால்பகுதி இரண்டு முடிந்து இடைவேளைக்கு நிறுத்தியபோது கரும்பலகையில் இருபத்தொன்பதுக்குப் பதினெட்டு என்று எழுதியிருந்தது. இருபத்தொன்பது செங்கதிருக்கு. சனம் வெடி கொளுத்தியது.

தயாளினிக்கு அழுகை வந்தது. கொழும்பில் பயிற்சிப் பிள்ளைகளை வென்ற அன்றைக்கு இருந்த அதே கசப்பு. பெரியவர்கள் இந்தத் தடவை மேல்மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்கள், ஆனால் அவர்களுடைய ஆட்டம் இன்னும் வரவில்லை. இன்னும் இருபது நிமிடத்தில் ஆட்டம் முடியும், ஏழு மணிக்குப் பஸ் போகும், இனி அந்த அணி இந்தத் திசைக்கு வரப்போவதில்லை. அவள் முழங்காலும் இனி எங்கேயும் போகப்போவதில்லை. நண்டுக் கறியை வென்றோம் என்று சொல்லிக்கொண்டா மிச்சக் காலத்தைக் கழிப்பது?

அவள் எழுந்து எதிரணியின் வாங்கிலுக்கு நடந்தாள். கோபிசங்கர் பின்னாலேயே ஓடி வந்தார். "எங்கை போறாய்?"

"அண்ணை, ஒரு மணித்தியாலம் படுக்க விடுவம். எழும்பினாப் பிறகு பூச்சியத்திலை இருந்து தொடங்குவம். கடைசி இருபது நிமிசம் மட்டும்."

"உனக்கு விசரே? பதினொரு புள்ளி முன்னுக்கு நிக்கிறம்! நாளைக்குப் பேப்பரிலை வரும். நாட்டின்ரை சாம்பியனை மானிப்பாய் வெண்டது எண்டு வரும். ஏழு வருசமா ஒருத்தராலும் ஏலாததடி!"

"எங்களாலையும் ஏலேல்லை அண்ணை. அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

கோபிசங்கர் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தார். அவருடைய வாழ்நாளிலும் இப்படி ஒரு கரும்பலகை வந்ததில்லை, பாவம். அவர் நிரோஜினியைப் பார்த்தார், நீயாவது சொல்லு என்கிற மாதிரி. நிரோஜினி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். "எனக்கு அந்த அக்கா பாயிறதை ஒருக்காப் பாக்கோணும் சேர்" என்றாள் கடைசியில். "நான் நிண்டுகொண்டு போட்ட கூடையளை எண்ணாதேங்கோ."

வீரக்கோன் தயாளினியின் அரைகுறைச் சிங்களத்தை முழுவதும் கேட்டார். நீங்கள்தானே முன்னுக்கு நிற்கிறீர்கள் மிஸ் என்றார். அதுதான் சேர் என்றாள் தயாளினி. அவர் அவளை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தார், முழங்காலில் சுற்றியிருந்த துணிக்கட்டின்மேல் அவர் கண் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தன் பிள்ளைகளைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார். பதினாறு பேரும் மண்டபத்துக்குள் போய்ப் பாய் விரித்துப் படுத்துவிட்டார்கள். தயாளினி ஈரத் துணியால் கரும்பலகையைத் துடைத்தாள். மதிலில் இருந்த சனம் கூவென்று கத்தியது, ஒருத்தர் அவளுடைய தகப்பன் பேரைச் சொல்லித் திட்டினார், கொஞ்சப் பேர் எழும்பி வீட்டுக்கே போனார்கள். போனவர்கள் இன்றைக்கும் அதை நினைத்து வருந்துகிறார்கள்.

ஐந்தே முக்காலுக்கு அவர்கள் திரும்பி வந்தார்கள். வெயில் தணிந்திருந்தது. முகம் கழுவி, தலைமுடியை இறுக்கிக் கட்டி, ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் வந்தார்கள். அதே பெண்கள்தானா என்று தயாளினிக்கு ஐமிச்சமாக இருந்தது. நடுவர் பந்தை மேலே எறிந்தார். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டால் அவளுக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது.

முதலில் சத்தம்தான் மாறியது. செங்கதிரின் தரையில் பந்து அப்படிச் சத்தம் போட்டு அவள் கேட்டதில்லை. ஒவ்வொரு தட்டும் கதவில் தட்டுவதுபோல் இருந்தது. பந்து அவர்களிடம் நிற்கவே இல்லை. ஒருத்தி கொடுக்கும்போது வாங்குகிறவள் அங்கே இல்லை, பந்து போய்ச் சேரும்போது அவள் அங்கே இருந்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை, யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தயாளினி ஒருத்தியை மறிக்கப் போவாள், போகும் வழியிலேயே தான் தவறான இடத்துக்குப் போகிறோம் என்று அவளுக்கே தெரியும், ஆனால் கால் போய்விடும். பதினாறு வருடமாகத் தான் ஓடிய தரையில் இத்தனை இடம் இருந்ததை அவள் அன்றைக்குத்தான் கண்டாள். பிறகு சந்துனி எழும்பினாள். வளையத்துக்கு இந்தப் பக்கத்தால் எழும்பினாள், நிரோஜினியும் கூடவே எழும்பினாள், நன்றாகத்தான் எழும்பினாள். நிரோஜினி இறங்கத் தொடங்கியபோது சந்துனி இன்னும் மேலேதான் இருந்தாள். அங்கேயே பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி, அவசரமில்லாமல், பூவை வைப்பதுபோல் கூடைக்குள் வைத்தாள். "அம்மாடி!" என்று பத்மாவதி அக்காவின் குரல் மட்டும் கேட்டது.

பத்து நிமிடத்தில் இருபத்துநாலுக்கு நாலு. செங்கதிர்ப் பிள்ளைகள் குனிந்து, தொடையில் கை ஊன்றி மூச்சு வாங்கினார்கள். கோபிசங்கர் கிட்ட வந்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "உதுதான்" என்றார். "பிள்ளையள், உதுதான் விளையாட்டு." தயாளினி சிரித்தாள். உடம்பெல்லாம் வலித்தது, முழங்கால் நெருப்பாய் எரிந்தது. அவளுக்குத் தாங்க முடியாத சந்தோசம். இவ்வளவு பெரியது ஒன்று உலகத்தில் இருக்கிறது, அது தன்னைத் தொட்டுத் தள்ளிவிட்டுப் போகிறது! வாழ்க்கையில் யாரும் தன்னை இவ்வளவு மரியாதையாக அடித்ததில்லை என்று அவள் நினைத்தாள்.

கடைசிப் பத்து நிமிடம் தொடங்கியது. அடி வாங்க வாங்கத்தான் ஒன்று விளங்கியது. அவர்கள் எங்கே போவார்கள் என்று பார்த்தால் பிந்திவிடும். எங்கே இடம் காலியாகிறது என்று பார்க்க வேண்டும். அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, கால் தானாகக் கண்டுபிடித்தது. முப்பத்துமூன்றுக்கு ஆறு என்று இருந்தபோது சந்துனி மறுபடி எழும்பினாள். இந்தத் தடவை நிரோஜினி அவளோடு எழும்பவில்லை. ஒரு கணம் பிந்தி எழும்பினாள். அந்த நீண்ட கையின் நுனி பந்தில் பட்டது. பந்து சிதறியது, தயாளினி அதை எடுத்து முன்னுக்கு எறிந்தாள், எறிந்த இடத்தில் நிரோஜினி இருந்தாள். எட்டு. அடுத்த தடவை பந்து தயாளினியிடம் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே வந்தது. அவள் யோசிக்கவில்லை. பதினொன்று. பெரிய அணி பந்தை எடுத்து உள்ளே கொடுத்தது, இடது மூலையில் ஒரு இடம் காலியாகப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது, அவள் அங்கே போய் நின்றாள், பந்து அவள் கைக்கே வந்தது. அவள் ஓடினாள். முழங்காலை மறந்து, பதினெட்டு வயதுத் தயாளினி போல ஓடினாள். பதின்மூன்று.

அப்போது விசில் ஊதியது. ஏன் ஊதினார் என்று அவளுக்கு விளங்கவில்லை. யாரும் விழவில்லை, பந்து வெளியே போகவில்லை. திரும்பிப் பார்த்தாள். வீரக்கோன் வாங்கிலை விட்டு எழுந்து நின்றார். ஒரு கையை நிமிர்த்தி அதன் நுனியில் மறு உள்ளங்கையைக் கிடையாக வைத்துக்கொண்டு நின்றார். ஆட்டத்தை நிறுத்துங்கள், நான் என் பிள்ளைகளோடு கதைக்க வேண்டும் என்று பயிற்றுநர் கேட்கிற சைகை அது. தன் அணிக்கு இடைஞ்சல் வருகிறது என்று தோன்றினால்தான் ஒருத்தர் அதைக் கேட்பார். இருபது புள்ளி முன்னுக்கு நிற்கிற மனிதர் கேட்டார். ஏழு வருடச் சாம்பியனின் பயிற்றுநர், மானிப்பாயில், ஒரு சீமெந்துத் தரையில், செங்கதிரைச் சமாளிக்க நேரம் கேட்டார்.

சனத்துக்கு அது விளங்கவில்லை, என்ன என்ன என்று கேட்டார்கள். கோபிசங்கருக்கு விளங்கியது.

எதிர்ப்பக்கத்தில் பெண்கள் வீரக்கோனைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். அவர் சிறிய பலகையொன்றை முழங்காலில் வைத்து என்னவோ கீறினார், ஒரு இடத்தில் விரலால் தட்டினார், தலையை நிமிர்த்தாமலே தயாளினி நின்ற பக்கம் கையைக் காட்டினார். சந்துனி வட்டத்தை விட்டு நிமிர்ந்தாள். நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, தயாளினியின் உடுப்பில் இலக்கத்தைத் தேடினாள். முன்பக்கத்து இலக்கம் கழுவிக் கழுவி எப்போதோ உதிர்ந்துபோய், முதுகில் மட்டும் மிச்சம் இருந்தது. தயாளினி மெல்லத் திரும்பி, அவள் வடிவாய்ப் பார்க்கட்டும் என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.